பழைய நடை, புது நடை

எங்கள் வீட்டுக்கு இரண்டு நோட்டுகள். ஒன்று மொய் நோட்டு. பிளாஸ்டிக் உறை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் நான்கு மூலையிலும் மஞ்சளுமாக, பீரோவுக்குள் பட்டா சிட்டாவோடு இருக்கும். இன்னொன்று கடையில் கிடக்கும் பாக்கி நோட்டு. சால்டரிங் அயர்ன் சுட்டு அட்டையில் ஓட்டை விழுந்தது. பாதிப் பக்கங்களில் கிரீஸ் கைரேகை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் ஓட்டைப் பிய்த்து எறிந்தபோது, என் மனைவி பீரோவைத் திறந்து முதலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது மொய் நோட்டை. பிள்ளைகளின் சர்டிபிகேட் அதற்குப் பிறகுதான். பாக்கி நோட்டைப் பற்றி எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் ஷட்டருக்கு அடியில் ஏறிய தண்ணீரில் ஊறி, பெயர்களெல்லாம் நீலச் சாயமாகியிருந்தன.

அதற்கடுத்த வாரம் இரண்டு பேர் அந்த நோட்டை விசாரித்து வந்தார்கள். ஒருவர், "நோட்டு நனைஞ்சு போச்சாமே தம்பி?" என்று துக்கம் கேட்கிற குரலில் கேட்டுவிட்டு, முகத்தில் ஒரு நிம்மதியோடு டீ வாங்கிக் கொடுத்துப் போனார். இன்னொருவர் ஒரு கிழவி. தென்னை ஆறும் விழுந்து, கொட்டகையும் சரிந்து கிடந்த நேரத்தில் முந்தானையை அவிழ்த்து, "அப்பு, எங் கணக்கு நூத்தி இருவது. அயன்பாக்ஸுக்கு" என்றார். வாங்க மாட்டேன் என்றேன். "கொடுக்கத்தான் வந்தேன், கேக்க வரல" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கீரமங்கலம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். இந்தத் தொழிலில் கூலி தராதவர் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. கையில் இல்லாதவர் உண்டு. அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. புயலுக்குப் பிறகு கரண்ட் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் இவை. வந்தபிறகு தண்ணீர் குடித்த மோட்டார்களை வெயிலில் காயவைத்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. தென்னை போனவனிடம் என்ன கேட்பது? இருந்தும் ஏமாற்றுகிறவர் உண்டு, ஆனால் ரொம்பக் கொஞ்சம். என்னைத் தூங்கவிடாமல் செய்பவர் மூன்றாமவர். நல்ல மனிதர், நாணயஸ்தர். ஆனால் ரிப்பேர் கூலி என்பது தரவேண்டிய ஒன்று என்றே அவருக்குத் தோன்றாது. அவர் வேறு யாருமில்லை, மொய் விருந்தில் முதல் ஆளாக வந்து பணம் எழுதுகிறவர்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு மொய் விருந்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், அதைத் தாண்டித் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரை ஆடி, ஆவணியில் பந்தல் மேல் பந்தலாக நடக்கும். கல்யாணம் காட்சி இருக்கவேண்டும் என்பதில்லை. நாலைந்து குடும்பம் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக் கறிச்சோறு போட்டு, ஆளுக்கொரு மேஜை வைத்து மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் போர் போடுவார்கள், வீடு கட்டுவார்கள், மகளை நர்சிங் படிக்க வைப்பார்கள். வட்டி இல்லாத கடன்தான் அது. எழுதியவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யவேண்டும். வாங்கியதைத் திருப்புவது பழைய நடை. அதற்கு மேல் போடுவது புது நடை. புது நடை இல்லாமல் வாங்கியதை மட்டும் வைத்தால், இத்தோடு நமக்குள் முடிந்தது என்று அர்த்தம். பத்திரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. அப்பா வாங்கியதை மகன் செய்வான். கடன் வாங்கியாவது செய்வான்.

அப்படிப்பட்ட ஊரில் 350 ரூபாய் ரிப்பேர் கூலி ஏன் பாக்கி நிற்கிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். ஓவர்லோடு சுவிட்ச். உளுந்தை அதிகம் போட்டு மோட்டார் திணறினால், காயில் கருகாமலிருக்க அது தானாகத் துள்ளிக் கரண்டைத் துண்டிக்கும். ஆறவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடும். மாதத்துக்கு நாலு பேராவது இதற்காகவே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமுக்கிக் கொடுத்து சும்மா அனுப்பிவிடுவேன். ஒருநாள் வாடகை கொடுக்கவேண்டிய நெருக்கடியில் ஐம்பது ரூபாய் கேட்டேன். "பட்டனை அமுக்க அம்பது ரூவாயா?" என்று அந்தம்மா சிரித்ததில் கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

இதே மிக்ஸியை வாங்கி உள்ளே வைத்து, இரண்டு நாள் அலையவிட்டு, "ஆர்மேச்சர் போச்சுங்க" என்று உதட்டைப் பிதுக்கி 900 ரூபாய் வாங்குகிற ஆட்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பாக்கி விழுவதில்லை. இரண்டு நாள் காத்திருந்ததால் வேலை பெரிது என்று வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடுகிறது. பொய்க்கு முனகாமல் கிடைக்கும் காசு, மெய்க்கு முக்கினாலும் வராது. தொழில் கைவரக் கைவர வேலை சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிய முடியக் கூலி குறையும். இதை எந்த ஐடிஐயிலும் சொல்லித் தருவதில்லை. நானும் யோக்கியன் இல்லை. பத்து நிமிஷத்தில் கார்பன் மாற்றி முடித்த மிக்ஸியை, "சாயங்காலம் வாங்க" என்று சொல்லித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பொருளில் கைவைக்கவில்லை, நேரத்தில் பொய் சொன்னேன். அப்படிச் சொன்ன நாளெல்லாம் கூலி ஒழுங்காக வந்தது.

மொய்ப்பணம் கண்ணுக்குத் தெரியும். எண்ணலாம், எழுதலாம். ரிப்பேரில் என்ன தெரியும்? நேற்று ஓடியது, இன்று ஓடுகிறது. நடுவில் நின்றது அவர் கணக்கில் சேராது. பழையபடி ஆனதற்குப் பணமா என்று உள்மனசு கேட்கும். அதனால்தான் கழற்றிய பாகத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கும் பழக்கத்துக்கு மாறினேன். தேய்ந்த கார்பனைக் காட்டினால் கை பாக்கெட்டுக்குப் போகிறது. சீலிங் ஃபேனுக்கு முழுக்கக் காயில் கட்டிவிட்டுக் கருகிய கம்பிச் சுருளைக் காட்டினால் மட்டும் வேறு பிரச்னை. "இது செம்புதானே? எடைக்குப் போட்டுக் கழிச்சுக்கங்க" என்பார்கள்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கி அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் கொடுத்தது. அடுத்த சில வருஷத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் அம்மியும் ஆட்டுக்கல்லும் வாசலுக்கு வந்தன. என் கடை நிமிர்ந்ததும் அப்போதுதான். கூடவே ஒரு புது வாக்கியமும் வந்தது. "சும்மா வந்த மிக்ஸிக்கு யாராச்சும் எண்ணூறு ரூவா அழுவாங்களா?" ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். யோசித்தால் அவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. விலை தெரியாத பொருளுக்கு ரிப்பேர் விலையை எதை வைத்து ஒப்பிடுவார்? ஆஸ்திரியா நாட்டில் 2022-இல் வேறு மாதிரி செய்தார்கள். வீட்டு மின்சாதனத்தைப் பழுது பார்த்தால் கூலியில் பாதியை, 200 யூரோ வரை, அரசாங்கமே கொடுத்தது. தூக்கிப் போடாமல் ஓட்டுங்கள் என்பதற்காக. இங்கே மிக்ஸியைக் கொடுத்தார்கள், அங்கே மெக்கானிக் கூலியைக் கொடுத்தார்கள். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்க வேண்டாம்.

ஆலங்குடி கோர்ட்டுக்குப் போய்வரும் வக்கீல் ஒருவர் வாஷிங் மெஷினுக்காக வந்தபோது சட்டம் சொன்னார். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆவது பிரிவு. ஒரு பொருளை வாங்கி உழைப்பையோ திறமையையோ போட்டு வேலை செய்தவர், கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவரைச் சட்டமே உதாரணம் காட்டுகிறது. அடுத்த உதாரணம் தையல்காரர். தைத்ததும் கோட்டைத் தருகிறேன், மூன்று மாசம் கழித்துக் காசு தாருங்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தால் அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. "அப்பறம் குடுங்கண்ணே" என்று நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தையல்காரர் ஆகிவிடுகிறேன். தவிர, வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் அவர் வீட்டுக்குள் நிற்பவை. எதைப் பிடித்து வைப்பது? பிடித்து வைத்தாலும் விற்கிற உரிமையை அந்தப் பிரிவு தரவில்லை. என் கடைப் பரணில் பதினொரு மிக்ஸி இருக்கின்றன. சொந்தக்காரர்கள் புதுசு வாங்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் 1977-இல் வந்த சட்டப்படி, எடுத்துப்போகாத பொருளை நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்கலாமாம். இங்கே எலிதான் குட்டி போடுகிறது. மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்றும் வக்கீல் சொன்னார். 350 ரூபாய்க்காகப் பஸ் ஏறி ஆலங்குடிக்கு எத்தனை தடவை போவது? ஒன்று சொல்லவேண்டும், அவர் மட்டும் வேலை ஆரம்பிக்கும் முன்பே கூலி எவ்வளவு என்று கேட்டு, முடிந்ததும் எண்ணி வைத்தார். அவர் தொழிலில் அதுதான் பழக்கம் போலிருக்கிறது.

பாக்கியைக் கேட்பதில்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாதிப் பேர் மாமன், மச்சான், பங்காளி முறை. "மாப்ள" என்று தோளில் கை போட்டவனிடம் 280 ரூபாய் கேட்பது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் இலையைப் பார்ப்பது மாதிரி. ஜிபே வந்தால் இந்தக் கூச்சம் தீரும் என்று நினைத்தேன். இப்போது "நெட்டு சுத்துது, நைட்டு போட்டுர்றேன்" என்கிறார்கள்.

பெட்டிக்கடை தோறும் மாட்டியிருக்கும் பலகை, கடன் அன்பை முறிக்கும். கொடுத்தவனுக்கு வாங்கியவன்மேல் இருக்கும் அன்பு முறியும் என்றுதான் அதை ரொம்ப நாள் படித்துக்கொண்டிருந்தேன். நடப்பது தலைகீழ். ஒருவர் ஃபிரிட்ஜ் வேலைக்கு 850 பாக்கி வைத்தார். எனக்கு அவர்மேல் பெரிய வருத்தமில்லை. அவர்தான் டீக்கடையில் என்னைக் கண்டால் பாதி டீயோடு எழுந்தார். பிறகு எதிர்ச் சாரியில் நடந்தார். பிறகு, "அவன் வேலை சரியில்ல, மூணே மாசத்துல திரும்பப் போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். அது பொய் என்று அவருக்கே தெரியும். ஆனால் தராத கூலிக்கு ஒரு நியாயம் வேண்டுமே. நான் 850 ரூபாயைக் கேட்காமல் விட்டது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். அவரைப் பொய் சொல்ல வைத்ததில் அந்தப் பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு. முதல் வாரமே முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு டீயை முழுசாகக் குடித்திருப்பார்.

அதிலிருந்து கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஸ்குரூவைக் கழற்றும் முன் தொகையைச் சொல்கிறேன். சாமானுக்கு முன்பணம் வாங்குகிறேன். இந்தத் திறமையெல்லாம் வந்த பெருமிதத்தில் போன பங்குனியில் தேங்காய் பறிக்க வந்தவரிடம், "ஒரு மரம் ஏறி எறங்க ரெண்டு நிமிஷந்தானேப்பா ஆவுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க மூணு நிமிஷத்துல ஏறுங்கண்ணே" என்றார்.

புயல், அப்புறம் கொரோனா என்று தள்ளிப்போய் கடைசியில் நாங்களும் விருந்து வைத்தோம். எதிர்ச் சாரியில் நடக்கும் அந்த 850 ரூபாய்க்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். கறிச்சோறு சாப்பிட்டார். மேஜைக்கு முன் நின்று பெயரையும் ஊரையும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி, புது நடையாக 2,000 எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணில் எந்தக் கூச்சமும் இல்லை.

அன்றிலிருந்து கடன்காரன் நான்.

இரண்டு ஆடி கழித்து அவர் வீட்டுப் பத்திரிகை வந்தது. மனைவி மொய் நோட்டைப் புரட்டினாள். "850-ஐக் கழிச்சுக்கிட்டு எழுதுங்களேன், அவருக்கே புரியும்" என்றாள். நியாயம்தான். ஆனால் மொய் எழுதுகிறவரிடம் போய், பழைய நடை 1,150, மீதி கம்ப்ரசர் வேலைக்குக் கழித்தது என்று எப்படிச் சொல்வது? பழைய நடை 2,000, புது நடை 500 என்று எழுதினேன். பந்தலை விட்டு வெளியே வரும்போது அவரே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் முகத்துக்கு நேராகச் சிரித்தார். வெற்றிலை கொடுத்தார்.

"தம்பி, அந்த வாஷிங் மெஷினு தண்ணிய வெளிய விடாம நின்னுக்கிட்டே இருக்குப்பா. ஒருநாளு வந்து பாரேன்."

"டிரெயின் மோட்டாரா இருக்கும். 700 ஆவும்ணே" என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "மொதல்ல வந்து பாரு" என்றார்.