மந்தகாலமும் குறைந்தபட்ச வேதனமும்

பொருளாதார மந்தம் தோன்றும்போதெல்லாம், குறைந்தபட்ச வேதனத்தைத் தாழ்த்தினால் வேலைவாய்ப்புப் பெருகும் என்னும் கூற்றும் உடன் தோன்றுகின்றது. அதன் தருக்கம் எளிது. உழைப்பும் ஒரு பண்டம். பண்டத்தின் விலை குறைந்தால் வாங்குவோர் தொகை கூடும். ஆகவே வேலையற்றவன் குறைந்த கூலிக்கு இசைவதைச் சட்டம் தடுத்தல் அவனுக்கே தீங்காகும். இவ்வாதத்திலே ஓர் அறக்கூறு உண்டென்பதை மறுத்தல் நேர்மையன்று. அரைவயிற்றுக் கூலி முழுப் பட்டினியிலும் மேலானதன்றோ என்று அது வினவுகின்றது. வினா நியாயமானதே. ஆயின், கூலி குறைந்தவுடன் அவ்வேலை உண்மையிலே பிறக்கின்றதா என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

இலங்கை இதனை முன்னரே அனுபவித்தறிந்தது. 1927 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று பெருந்தோட்டங்களிலிருந்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச வேதனம் நிர்ணயிக்க வழிவகுத்தது. 1929 இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் விதிக்கப்பட்டன. (சிறுவருக்கும் கூலி விகிதம் வகுத்த காலம் அது.) உலகப் பெருமந்தத்தால் தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்தபோது, கூலி குறையாவிடில் தோட்டங்களை மூட நேரிடும் என்றனர் துரைமார். அரிசி விலையும் வீழ்ந்துள்ளமையால் தொழிலாளிக்குப் பெருநட்டமில்லை என்பது அவர்தம் துணைவாதம். 1931 முதல் வேதனம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கோ. நடேசய்யர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அப்போது தொழில் அமைச்சராக விளங்கியவரோ ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியான பெரி சுந்தரம்.

விளைவு யாது? கூலி குறைந்த அதே ஆண்டுகளிற் பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து இந்தியா திரும்பினர். 1933 இல் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர் ஏற்றுமதியை மட்டுப்படுத்த உடன்பட்ட பின்னரே தேயிலைத் தொழிலுக்கு மூச்சு வந்தது. உலகச் சந்தையில் தேங்கிக் கிடந்த தேயிலையை, கொழுந்து பறிப்பவளின் கூலியிற் சில சதங்களைக் கழித்து விற்றுவிட இயலவில்லை. கூலி குறையாதிருப்பின் இன்னும் பலர் வெளியேற்றப்பட்டிருப்பர் என வாதிடலாம். அதனை முற்றாக மறுத்தலும் அரிது. எனினும் அது இருக்கும் வேலையைக் காத்தல் பற்றிய வாதமேயன்றிப் புதிய வேலையை ஆக்குதல் பற்றியதன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போதே தொழிலாளியின் இழப்பு அவனுக்குச் செய்த உபகாரம்போலத் தோன்றலாகின்றது.

கெயின்ஸ் 1936 இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருத்து இங்கு பொருந்தும். வெள்ளவத்தையிலே புடைவைக் கடைக்காரர் ஒருவர் மட்டும் கூலியைக் குறைத்தால், மீதியாகும் பணத்தில் அவர் இன்னோர் உதவியாளரை அமர்த்தக்கூடும். எல்லாத் தொழில்தருநரும் குறைத்தால் புடைவை வாங்க வருபவர் யார்? கிரேக்கம் 2012 இல் மாதமொன்றுக்கு 751 யூரோவாயிருந்த குறைந்தபட்ச வேதனத்தை 586 யூரோவாக்கியது. இளைஞருக்கு அதனினும் குறைத்தது. மறு ஆண்டில் அங்கு வேலையின்மை 27 வீதத்தைத் தாண்டியது.

சட்டத்தைத் தொடாமலே வேதனத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. 2022 இல் இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச வேதனம் மாதம் 12,500 ரூபாவாகவே இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். அஃதாவது, அத்தொகை ஓராண்டுக்கு முன்னைய விலைகளில் 7,400 ரூபாவளவுக்குத் தேய்ந்தது. எந்தப் பாராளுமன்றமும் துணியாத குறைப்பு இது. உழைப்பு மலிந்தமையால் வேலைகள் பெருகினவா? மூலப்பொருளும் எரிபொருளும் இன்றித் தொழிற்றலங்கள் முடங்கின. மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் தொழில் நாடி வெளிநாடு சென்றனர். அந்நெருக்கடிக்கு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையே காரணம் என்பது மெய். காரணம் கூலியன்றெனில், மருந்து மட்டும் கூலியில் எங்ஙனம் இருக்கும்?

வேதனத் தளமே இல்லாதிருந்த தொழிலொன்றைக் காண விரும்புவோர் தொலைவு செல்லவேண்டியதில்லை. நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு அணித்தாக ஹெவ்லொக் டவுன் அமைந்துள்ளது. அங்குள்ள மனைகளிற் சமைப்போரும் துணி துவைப்போரும் 2016 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இயற்றப்பட்டபோது அதனுள் அடங்கியிருக்கவில்லை. அன்று 43 சதத்துக்குக் கொழுந்து பறித்தவரின் வழிவந்த பெண்கள் பலர் கொழும்பு மனைகளில் இவ்வேலையே செய்கின்றனர். கூலி எவ்வளவு தாழ்ந்தாலும், ஒரு சமையற்காரி போதுமான வீட்டில் இருவர் அமர்த்தப்படுவதில்லை. வீட்டுக்காரரின் வருவாய் சுருங்கினால் அவ்வொருவருக்கும் இடமில்லை. அவ்வாறு வேலையிழந்த பெண் வளைகுடா நாடொன்றுக்கு அதே பணிக்குச் செல்வாளாயின், அவளது ஒப்பந்தத்தில் இவ்வளவுக்குக் குறையாத சம்பளம் இருத்தல் வேண்டும் என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் விதிக்கின்றது. ஹெவ்லொக் டவுன் அடுப்படியில் அவள் நின்ற காலத்தில் அத்தகைய விதி எதுவும் அவளுக்கு இருந்ததில்லை.