பழுதும் பழியும்

எங்கள் அமைப்புக்கு ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. 1986 மாடல், பெட்ரோல் வண்டி, மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. 2019 கோடையில் அது நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. இருபது, முப்பது கிலோ மீட்டர் நன்றாக ஓடும். பிறகு இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு செல்ஃப் எடுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

ஓட்டுநர் அண்ணன் பானட்டைத் திறந்து ஏசி பம்பு மேல் ஈரத்துணியைப் போடுவார். ஏர் லாக் என்பார். வெயில் காலத்தில் இந்த வண்டிகளுக்கு எல்லா டிரைவர்களும் செய்கிற வைத்தியம்தான். துணி போட்டதும் கிளம்புகிறது, ஆகவே கோளாறு ஏர் லாக்தான் என்று நாங்களும் நம்பினோம். துணி போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிளம்பியிருக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருநாள் செஞ்சிப் பக்கம் ஓர் ஊருக்குக் காலை பத்து மணிக்குள் போக வேண்டும். அதிகாரிகள் விசாரணைக்கு வருகிறார்கள். பெண்கள் தனியாகப் பேச பயந்து எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி மூன்று தடவை நின்றது. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஜீப்புகள் போய்விட்டன. பெண்கள் சொன்ன எதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. திரும்பும்போது எங்கள் கோபமெல்லாம் அண்ணன் மேல் இறங்கியது. "வண்டியப் பாத்துக்கத் துப்பில்ல, எதுக்கு ஸ்டியரிங் புடிக்கிறீங்க" என்று சொன்னவன் நான். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு வரவில்லை.

பிறகு ஒரு மெக்கானிக்கைப் பிடித்தோம். வயதானவர். பட்டறையில் வைத்துப் பார்க்க மாட்டேன் என்றார். "இங்க நல்லாத்தான் ஓடும் தம்பி. நிக்கிற எடத்துலதான் பாக்கணும்." சம்பவம் நடந்து நான்கு நாள் கழித்து, எல்லாம் ஆறின பிறகு உண்மை அறியப் போகிற எங்களுக்கு இது சுருக்கென்றிருந்தது. வண்டியிலேயே ஏறிக்கொண்டார்.

முதல் தடவை நின்றதும் காயில் ஒயரைப் பிடுங்கி இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தார். தீப்பொறி மஞ்சளாக, சீக்குப் பிடித்த மாதிரி வந்தது. ஒரு கண்டன்சரை வெளியிலிருந்தே இணைத்தார். உடனே ஸ்டார்ட்! துணியுமில்லை, காத்திருப்புமில்லை. பாயிண்ட் திறக்கும்போது கரண்டைத் தாங்கிக்கொள்கிற அந்தச் சின்ன டப்பி, சூடேறினால் கைவிடுகிறது, ஆறினால் வேலை செய்கிறது.

முடிந்தது என்று நினைத்தோம். பதினைந்து கிலோ மீட்டரில் மறுபடி நின்றது. இந்தத் தடவை தீப்பொறி நீலமாக, நன்றாக இருந்தது. கார்புரேட்டர் பைப்பைக் கழற்றி செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வரவில்லை. பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. பழைய மூடி தொலைந்து யாரோ வேறு மூடி மாட்டியிருக்கிறார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று நுழைய வழி வேண்டும், அதில் இல்லை. மூன்றாவது கோளாறு மறுநாள்தான் தெரிந்தது. பெட்ரோல் பைப்பை மாற்றிய யாரோ ஒரு புண்ணியவான் ரப்பர் டியூபை சைலன்சர் பைப்பை ஒட்டி விட்டிருந்தார். அங்கே மட்டும் நிஜமான ஏர் லாக்.

மூன்றுக்கும் ஒரே அறிகுறி. மூன்றுக்கும் ஒரே மருந்து, அரை மணி நேரம். அதனால்தான் ஒவ்வொன்றும் மற்றதை மறைத்துக்கொண்டிருந்தது. எம்.ஏ.வில் மணிமேகலையின் கடைசிக் காதைகளைப் படித்திருக்கிறேன். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டையும் வரிசையாக எழுதி மார்க்கும் வாங்கினேன். ரோட்டில் நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், யாராவது ஓர் ஆளைக் காட்டு என்பதுதான். ஆள் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் யார்தான் பொறுப்பு? மூன்றில் இரண்டு, முன்னால் ரிப்பேர் செய்தவர்கள் வைத்த கோளாறு. அவர்களும் கெடுக்கவென்று செய்யவில்லை. அன்றைக்கு வண்டி ஓடினால் போதும் என்றிருந்திருக்கும், அல்லது கையில் காசு இருந்திருக்காது. பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடக்கிறது என்பதால் பொறுப்பே இல்லை என்று தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. கண்டன்சர் தானாகக் கெட்டது. அண்ணனைப் பேசின வார்த்தை அப்படித் தானாக வரவில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று பெரியவரிடம் கேட்டேன். "மாத்தலாம், வண்டியும் ஓடும். நல்லா இருக்கிற சாமானும் குப்பைக்குப் போவும். எது கெட்டுச்சின்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது." சாமானுக்கு ஆன செலவு சொற்பம். இரண்டு நாள் கூலி கேட்டார். எங்கள் பொருளாளர் தோழர், "இத்தூண்டு டப்பிக்கு ரெண்டு நாளா?" என்றார். கூலி பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் நாங்கள். கண்டுபிடிப்பதும் வேலைதான் என்பது எங்களுக்கே உறைக்கவில்லை. கொடுத்தோம், முனகிக்கொண்டு.

போன பிறகு அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். மூன்று கோளாறையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"டேங்க் மூடியத் தெறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். நீங்க சிரிச்சீங்க தோழர்."

ஞாபகம் வந்தது. சிரித்தேன்தான்.

டீ வந்தது. குடித்து முடித்ததும், புதுசாகப் போட்ட கண்டன்சர் பழைய ஸ்டாக்கா, இப்போது வருகிறதா என்று கேட்டார். இப்போது வருவது என்றேன்.

"ஒண்ணு கூட வாங்கி டேஷ்போர்டுல போட்டு வைங்க" என்றார். வேலைக்குத் திரும்பி வருகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.