காத்திருப்பதற்குக் கூலியா?

காணியிற் பணம் போடுவோர்க்குக் கூறப்படும் அறிவுரைகளுள் தலையாயது ஒன்றுண்டு: வீதி வருமுன் வாங்கு, வாங்கியபின் காத்திரு. வாங்கியவன் அதில் உழுவதுமில்லை, கட்டுவதுமில்லை. வேலியை அடைத்துவிட்டுப் போகிறான். சில ஆண்டுகளில் விலை மடங்காகிறது. அந்த ஏற்றம் யாருக்குரியது? பணத்தை முடக்கிப் பொறுத்திருந்தான், அப்பொறுமைக்குக் கிடைத்த கூலி அது என்பதே வழமையான விடை. அவ்விடையை மூதூர் மண்ணில் வைத்து நாம் உரைத்துப் பார்ப்போம்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து திருகோணமலைக்குச் செல்ல நெடுங்காலம் பெரும்பாலும் இரு வழிகள் பயன்பட்டன. ஒன்று குடாவைக் கடக்கும் லோஞ்ச். மற்றது துறைதோறும் மிதவைப் பாதைக்குக் காத்துக்கிடக்க வேண்டிய தரைவழி. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அவ்வீதியின் ஏனைய துறைகளிலும் பின்னர் பாலங்கள் எழுந்தன. பாலம் எட்டிய இடத்தில் காணியின் விலை ஏறுவது இயல்பே. ஆயின் ஏற்றியவர் யார்? கிண்ணியாப் பாலம் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனாற் கட்டப்பட்டது. கடனை இறுப்பவர், சீனிக்கும் பால்மாவுக்கும் வரி செலுத்தும் நாட்டு மக்கள் அனைவரும். அப்பாலத்தை ஒருநாளும் காணாத ஹற்றன் தோட்டத் தொழிலாளியும் அவர்களுள் ஒருவர். சமுதாயம் உண்டாக்கிய இத்தகைய ஏற்றத்தின்மீது வரி விதிப்பது நியாயமே என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வாதித்தவர் ஜோன் ஸ்டுவர்ட் மில். அவரைப் புரட்சிக்காரர் என்று எவரும் சொல்லமாட்டார்!

ஒரு வளவை மட்டுமே உடைய மீனவனுக்கும் விலை ஏறியதன்றோ எனலாம். ஏறியது. ஆனால் அவன் அதிற் குடியிருக்கிறான். விற்றுவிட்டு எங்கே போவான்? மகளுக்கு வீடு கொடுத்தே மணம் பேசும் கீழ்க்கரை வழக்கில், அயலில் ஒரு துண்டுக் காணி வாங்க முயலும் அன்றுதான் விலையேற்றத்தை அவன் உணர்கிறான். அங்கே வாழ்பவனுக்குச் சுமையாவதே, வாழாதவனுக்கு இலாபமாகிறது.

இனிப் பொறுமையைப் பற்றிப் பேசுவோம். மூதூரை அடுத்த சம்பூர் மக்கள் 2006இல் போரினால் ஊரைவிட்டு ஓடினர். 2007இல் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. அனல்மின் நிலையத்துக்கென ஒரு பகுதியும், முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயத்துக்கென 818 ஏக்கரும் ஒதுக்கப்பட்டன. கிளிவெட்டி முதலிய இடங்களில் கொட்டில்களில் அவர்கள் காத்திருந்தனர். 818 ஏக்கரின் ஒதுக்கீடு 2015இல் இரத்தான பின்னரே பலர் திரும்ப முடிந்தது. ஏறத்தாழ ஒன்பதாண்டுப் பொறுமை! அதற்குக் கூலி கொடுத்தவர் யார்? காத்திருப்பு உழைப்பாயின், இந்நாட்டில் இவர்களன்றோ செல்வராயிருத்தல் வேண்டும். கூலி பெறுவது காத்திருப்பு அன்று, கையிலிருக்கும் உறுதிப் பத்திரமே என்பது இதனாற் புலனாகும்.

சட்டம் இதனை அறியாததன்று. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பிட்டது, வயலுக்கு 25. ஆனால் அது பரப்பை அளந்ததேயன்றி இடத்தை அளக்கவில்லை. பாலத்தடிச் சந்தியில் அரை ஏக்கர் வைத்திருப்பவனை அது தொடவில்லை. பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவனுக்கு உரித்து வழங்கும் ஆட்சியுரிமைச் சட்டமோ, ஓடியவனுக்குப் பாதகமாயிற்று. போரினால் உரிமைகோர இயலாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் பிறந்தது.

நம் வாசகருள் ஆசிரியர் பலர். சேமிப்பைக் காணியில் இடுவோரும் உளர். அவரை நாம் பழிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் காணி ஏன் மலிவு என்று மட்டும் முதலிற் கேட்கட்டும். கிராம சேவகரிடமும் அயலாரிடமும், முன்னர் அங்கே குடியிருந்தவர் யார், அவர் இப்போது எங்கே என்று விசாரிக்கட்டும். நொத்தாரிசு உறுதியைப் பார்ப்பார், இதனைப் பார்க்கமாட்டார். அரச அனுமதிப்பத்திரக் காணியாயின், பிரதேச செயலகத்தின் சம்மதமின்றி அது கைமாறலாகாது.

வாங்கிய மேட்டுக்காணியைத் தரிசாகப் போடுவோர் கூறும் காரணம், விட்டால் குந்தியவன் உரிமை கொண்டாடுவான் என்பதே. உடையவரின் சம்மதத்துடன் இருப்பவருக்கு, அச்சம்மதம் நீடிக்கும்வரை, பத்தாண்டு ஆட்சி உரித்தாகாது. குத்தகையை எழுத்தில் வைத்து, வாங்கும் பணத்துக்கு மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. அயலிலுள்ள குடும்பம் ஒன்று அங்கே கச்சானோ சோளமோ நடலாம்.