லியருக்கு வராத கடவுள்

ஜோகூர் ரப்பர் தோட்டங்களின் பழைய தலைமுறைக்கு அரிச்சந்திரன் கதை அத்துப்படி. சத்தியத்துக்காக நாடு போய், சுடலை காத்து, பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே கால்பணமும் முழத்துண்டும் கேட்டவன் அவன். ஆனால் கடைசியில் சிவபெருமான் வருவார். மனைவி சந்திரமதி மேல் அவன் ஓங்கிய வாள் மாலையாக விழும், இறந்த மகன் லோகிதாசன் எழுந்து உட்காருவான்.

ஜோகூர் பாருவில் 1914இல் ஆங்கிலக் கல்லூரி தொடங்கியது. இத்தகைய ஆங்கிலப் பள்ளிகளில், சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு இருந்த காலத்தில், ஷேக்ஸ்பியர் பாடமானார். அரிச்சந்திரனோடு வளர்ந்தவர் இன்று ‘லியர் அரசன்’ நாடகத்தைப் பார்த்தாலும் இறுதிக் காட்சி இடறும். கிழவன் லியர் மகள் கார்டீலியாவின் உடலைச் சுமந்து வருகிறான். மூச்சு இருக்கிறதா என்று உதட்டருகே இறகைப் பிடித்துப் பார்க்கிறான்.

அவள் எழவில்லை. எந்தத் தெய்வமும் வரவில்லை.

ஆங்கிலேயருக்கே இது செரிக்கவில்லை. 1681இல் கவிஞர் நேஹம் டேட் முடிவை மாற்றினார்: கார்டீலியா பிழைத்து, கிளாஸ்டர் பிரபுவின் மகன் எட்கரை மணக்கிறாள். ஒன்றரை நூற்றாண்டு மேடையில் ஓடியது இந்தக் கல்யாண முடிவுதான். 1838இல் நடிகர் மெக்ரெடி ஷேக்ஸ்பியரின் மூல நாடகத்தை மேடைக்கு மீட்டார்.

நமக்கு வேறொரு குறுக்கு வழி உண்டு: முன்வினை. லியர் கார்டீலியாவை விரட்டிய தன் அவசர புத்திக்கு அனுபவித்தான், சரி. கார்டீலியா என்ன செய்தாள்? போன பிறவி என்று சொல்லிவிடலாம். சிலப்பதிகாரமும் கோவலன் சாவுக்கு அப்படித்தான் காரணம் சொல்கிறது. ஆனால் மதுராபதித் தெய்வம் அந்தப் பழங்கதையைச் சொல்வது கண்ணகி மதுரையை எரித்த பிறகு. இளங்கோ அவளை முதலில் கோபப்பட விடுகிறார். லியரைப் பார்ப்பவருக்கும் அந்தக் கோபம் வேண்டும். வினைக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

கடவுள் வராத இந்த நாடகத்தில் வேறு யாரோ வருகிறார்கள். மூன்றாம் அங்கத்தின் முடிவில் லியரின் மருமகன் கார்ன்வால் கிளாஸ்டர் பிரபுவின் கண்களைப் பறிக்கும்போது, சிறுவயது முதல் கார்ன்வாலிடமே ஊழியம் பார்த்த ஒரு வேலைக்காரன் குறுக்கே விழுகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. கார்ன்வாலின் மனைவி ரீகன் அவனைப் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறாள். அவன் போட்ட வெட்டில் கார்ன்வாலும் சாகிறான். மிஞ்சிய வேலைக்காரர்கள், கிளாஸ்டரின் ரத்தம் வழியும் முகத்தில் வைக்க நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுக்கப் போகிறார்கள்.

இந்த மருந்துப் பேச்சு 1608 பதிப்பில் இருக்கிறது, 1623 பதிப்பில் இல்லை. 1962இல் இயக்குநர் பீட்டர் ப்ரூக்கும் மேடையில் இதை வெட்டினார். உலகம் இருண்டது என்று காட்ட அது தோதுதான், ஆனாலும் ஷேக்ஸ்பியர் அவ்வளவு கறாராக விளக்கை அணைக்கவில்லை. புத்தகம் வாங்குகிறவர்கள் மூன்றாம் அங்கத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அந்த முட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.