தோலுக்கும் ஒரு பருவம் உண்டு

மாலையில் ஜித்ராவை விட்டுச் சற்று வெளியே வந்தால் வயல் தொடங்கிவிடும். கெடாவின் அந்தப் பச்சை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை அமைதியாகக் கிடக்கும். நாற்று நட்டு, நான்கு மாதம்போலக் காத்திருந்தால்தான் கதிர் பழுக்கும். வயலை யாரும் அவசரப்படுத்துவதில்லை. வயலும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

அந்தப் பச்சையைக் கண்ணில் ஏந்திக்கொண்டுதான் ஒருநாள் இரவுச் சந்தைக்குள் நுழைந்தேன். விளக்கின் கீழே சின்னச் சின்ன டப்பாக்கள். மூடியில் ஒரு பூப்படம். செய்தவர் பெயர் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. “ஏழே நாளு அக்கா, முகம் பளிச்சுனு வெளுத்துரும். கடைசி மூணு டப்பாதான் இருக்கு” என்றார் கடைக்காரத் தம்பி. என் கை தானாகப் பைக்குள் போனது. பதினைந்து வெள்ளியை எடுத்தும் விட்டேன். அப்போதுதான், என் மூச்சு ஓடுவதைக் கவனித்தேன்.

அந்த மூச்சின் அருகே நாம் சற்று உட்கார்ந்து பார்ப்போம். மனம் அப்போது எதைக் கேட்டது? பூசும் பொருளையா? இல்லை. அடுத்த வாரக் கல்யாண வீட்டுக்குள் வேறொரு முகத்தோடு நுழைய வேண்டும் என்று கேட்டது. இந்த முகத்தோடு ஏழு நாள்கூட இருக்க முடியாது என்று கேட்டது. ஆசை தவறன்று. ஆசைக்குள் இருக்கும் அவசரம்தான் நம்மை வருத்துகிறது.

வயலைப் போலத் தோலுக்கும் ஒரு பருவம் உண்டு. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ 28 நாள் எடுக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடும். அந்தப் பருவத்தை ஏழு நாளில் தாண்டச் செய்வதாகச் சொல்லும் களிம்புகள் சிலவற்றில் இருப்பது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது, முகம் வெளுக்கிறது. பிறகு அது சத்தமில்லாமல் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் கோட்டக்கலில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் பலர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-இல் வெளிவந்தது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். நிறுத்தினாலே பலருக்கு உடல் தன் வழிக்குத் திரும்பத் தொடங்குகிறது. எவ்வளவு பொறுமை அந்த உடலுக்கு!

அப்படியானால் எங்கே வாங்குவது? நம்மை அவசரப்படுத்தாத இடத்தில் வாங்குவோம். பட்டணத்து மருந்துக்கடையில் மருந்தாளுநரிடம் நின்று கேட்கலாம். டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம். மலேசியாவில் விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். பாதரசமோ, தோலை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தோ கலந்ததால் ரத்தான பொருள்களின் பெயர்களும் அங்கே வெளியாகின்றன. எண் இருந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது; ஆனால் எண்ணைத் தேடும் அந்த ஐந்து நிமிடத்தில் மனம் அடங்குகிறது. புக்கிட் காயு ஹீத்தாமில் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போய் மலிவாக வாங்கி வருவதற்கு முன்பும், அந்த ஐந்து நிமிடத்தை நமக்கு நாமே கொடுப்போம்.

அந்தப் பொறுமை என் பாட்டிக்கு இருந்தது. அவர் தீம்பாரில் பால்மரம் வெட்டியவர். கையில் பால் வாடை போகாது. பக்கத்துக் கம்பத்து மலாய் மக்சிக் கொடுத்த பெடாக் சேஜுக்கைத்தான் சாயங்காலம் பூசிக்கொள்வார். அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிப் புளிக்கவிட்டு, அரைத்து, துணியில் சொட்டுச் சொட்டாக இட்டு வெயிலில் காயவைத்த வெள்ளை மணிகள் அவை. நான்கு மணியை உள்ளங்கையில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். தேய்க்க மாட்டார். “தானா கரையட்டும் கண்ணு” என்பார். அது கரையும்வரை பாட்டி சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலில்தான் அவர் முகம் குளிர்ந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று இரவு வெள்ளியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். “நாளைக்குப் பார்க்கிறேன் தம்பி” என்றேன். எந்தக் கடையிலும் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாளை என்ற சொல்லைத் தாங்கும் கடை நல்ல கடை. நாளை என்ற சொல்லைத் தாங்கும் மனம் அமைதியான மனம். அந்த மனம் எங்கோ தொலைவில் இல்லை; ஒரு மணி அரிசிமாவு உள்ளங்கையில் கரையும் நேரம்தான் அதற்கும் நமக்கும் இடையே இருக்கிறது.