கோலும் மாமூலும்

சென்னையின் அபிராமபுரம், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில் பாலியல் தொழில் நடப்பதை ஊர் ஒப்புக்கொள்வதில்லை. ஊருக்குத் தெரியாமல் அது நடப்பதுமில்லை. ‘மசாஜ் சென்டரில் ரெய்டு, அழகிகள் மீட்பு, புரோக்கர் கைது’ என்று நாளிதழில் செய்தி வரும். சில வாரம் கழித்து அதே செய்தி, வேறு தெரு. சட்டத்தில் தடை, நடப்பில் கண்டும் காணாமை என்ற இந்த ஏற்பாடு, வெளிப்படையான தடையைவிடவும் வெளிப்படையான அனுமதியைவிடவும் கீழானது. இதில் காவலே வியாபாரத்தில் கூட்டாளி ஆகிவிடுகிறது.

1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் தொழிலையே குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவது, ஆள் பிடிப்பது, பொது இடத்தில் அழைப்பது ஆகியவற்றைத் தண்டிக்கிறது. கோயில், பள்ளி, மருத்துவமனையிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தாலும் குற்றம்; அபிராமபுரத்தில் அந்த எல்லைக்கு வெளியே ஒரு வீட்டைத் தேடிப் பிடிப்பதே கடினம். பொது இடத்தில் அழைத்த பெண்ணுக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை. அதையே செய்த ஆணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. சட்டம் எழுதிய கை யாருடையது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அகலமான வலை எல்லாரையும் பிடிக்காது. யாரைப் பிடிப்பது என்பது வலை வைத்திருப்பவர் விருப்பம். அந்த விருப்பத்தின் விலைதான் மாமூல். 2022இல், விபச்சாரத் தடுப்புப் பிரிவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் மீதே மாமூல் குற்றச்சாட்டு எழுந்து, லஞ்ச ஒழிப்புத் துறை அவர்கள் வீடுகளில் சோதனை நடத்தியது. வள்ளுவர் பொருட்பாலில் வரைவின் மகளிருக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிக் கடுமையாகவே பேசினார். ஆனால் அதே பொருட்பாலின் கொடுங்கோன்மை அதிகாரத்தில், செங்கோல் பிடித்தவன் குடிகளிடம் பொருள் கேட்பதை வேல் பிடித்த வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டார். முதல் அதிகாரத்தை மேடைதோறும் சொல்பவர்கள் இரண்டாவதை ஏனோ புரட்டுவதில்லை. அர்த்தசாஸ்திரம் கணிகையருக்கு ஓர் அதிகாரியை நியமித்து, மாத வருவாயில் இரண்டு நாள் பங்கை வரியாக வாங்கியது. அதுவும் சுரண்டல்தான், ஆனால் கணக்கில் ஏறிய சுரண்டல்.

கண்டுகொள்ளாமல் விட்டால் பெண்கள் ரெய்டின் அவமானத்துக்குத் தப்புவார்கள், தெருவும் அமைதியாக இருக்கும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. மாமூல் தவறும் நாள்வரைதான் அந்த அமைதி.

மணிமேகலை பரத்தையர் குலத்தில் பிறந்து, பாட்டி சித்திராபதி விதித்த வாழ்வை மறுத்தவள். அவள் சோழ மன்னனிடம் கேட்டது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி. இன்றைய சென்னையில் ‘மீட்கப்பட்டவர்கள்’ மயிலாப்பூர் அரசு காப்பகத்துக்குப் போகிறார்கள். இத்தனைக்கும், விருப்பத்தோடு தொழில் செய்யும் வயது வந்த பெண்ணை ரெய்டில் கைது செய்யக் கூடாது என்ற பரிந்துரை உச்ச நீதிமன்றத்தின் 2022 மே 19 ஆணையில் இடம்பெற்றிருக்கிறது. 1986இல் டாக்டர் சுனீதி சாலமன் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னைக் காப்பகத்துப் பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தபோதுதான் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அப்பெண்களில் பலர் அங்கே அடைபட்டிருந்தது, ஜாமீனுக்குக் கட்டப் பணமில்லாததால்.