86 சென்டிமீட்டர்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், டாகுமெண்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். துணியைத் தொடுவதே அபூர்வம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், இவ்வளவுதான் என் உலகம். சரக்குக்குத் தகுந்த எச்.எஸ். எண்ணைப் போட வேண்டும். சரக்கு இறங்குகிற நாட்டில் அந்த வகைப்பாட்டை வைத்துத்தான் சுங்கவரி.

சேர்ந்த புதிதில், ஐரோப்பாவுக்குப் போகிற ஒரு குழந்தைச் சட்டையின் எல்லா சைஸுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, 86-ம் 92-ம் ஒண்ணுங்களா?"

எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒரே பின்னல் துணி, ஒரே நிறம், ஒரே பட்டன். அங்கே சைஸ் எண் என்பது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். 86 வரை 6111, அதாவது கைக்குழந்தை உடை. 92 என்றால் 6105 அல்லது 6106.

உலகச் சுங்க அமைப்பின் இந்த வகைப்பாடு 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் உயரம் 86 செ.மீ.க்கு மிகாத சிறு குழந்தைகளுக்கானதே கைக்குழந்தை உடை என்கிறது அதன் 61-ஆம் அத்தியாயக் குறிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரமும் ஏறக்குறைய இதுதான்.

வயதை ஏன் வைக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கிற அதிகாரி முன்னால் குழந்தை இல்லை. சட்டை மட்டும்தான் இருக்கிறது. சட்டைக்கு வயது கிடையாது, அளவு உண்டு.

நெற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால், எந்த மணியோடு அது குவியல் இல்லாமல் போகும்? யூபுலிடீஸ் என்ற கிரேக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய புதிர் இது. சுங்கச் சட்டம் புதிரை அவிழ்க்கவில்லை. ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டது. வியாபாரம் நடக்க அது போதும்.

இன்னொன்றும் கவனித்தேன். 6111-இல் ஆண், பெண் கிடையாது. கோட்டைத் தாண்டியதும் சட்டையைப் பார்த்துக் கேள்வி வருகிறது: நீ பையனா, பொண்ணா? முன்பக்கம் இடது வலதின் மேல் மூடினால் ஆண், வலது இடதின் மேல் மூடினால் பெண். வெட்டும் தையலும் வேறாகக் காட்டினால் தவிர இதுதான் விதி. எதுவென்றே அடையாளம் தெரியாததைப் பெண்கள் தலைப்பில் போட வேண்டும். 'தெரியவில்லை' என்று எழுத அந்தப் பட்டியலில் இடமே இல்லை. முதலில் சிரித்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் பிரச்சினை.

அக்கா மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. நிலைக்கதவில் நிற்க வைத்து பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 85.

"இன்னும் 6111 தான்க்கா. பையர் ஒத்துக்குவான்" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. வயசுக்கேத்த உயரம் இல்லை என்று அந்த வாரம்தான் அங்கன்வாடியில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது.

"நீயும் நம்பர் போடறியாடா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அங்கன்வாடியிலும் நாடாதானே, அட்டவணைதானே, அதிலும் ஒரு கோடுதானே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. எங்கள் ஆபீஸில் எண்ணைப் போட்டதும் வேலை முடிகிறது, பெட்டி மூடப்படுகிறது. அங்கன்வாடியில் எண்ணைப் போட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது. சத்துமாவு, முட்டை, அடுத்த மாதம் மறுபடி அளப்பது. கோடு போடாமல் மனிதர்களால் எதையும் நடத்த முடியாது. கோடு நியாயமானதா என்று பார்க்க, அது எந்த இடத்தில் விழுகிறது என்பதைவிட, போட்ட கை அதற்கப்புறம் என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சட்டைக்குப் போடுகிற கோட்டை நான் ஒரு குழந்தைக்குப் போட்டேன். போட்டுவிட்டுச் சிரித்தேன்.

அடுத்த வாரம் அக்காவோடு நானும் டாக்டரிடம் போனேன். அங்கேயும் முதலில் உயரம்தான் பார்த்தார்கள். நர்ஸ் எண்ணைச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமல் பாப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, அக்காவிடம் கேட்க ஆரம்பித்தார்:

"பொறந்தப்போ எடை எவ்வளவும்மா? காலைல என்ன சாப்பிடறா?"